இன்ஸ்டால் பட்டனுக்கு முன்னால் அரை நாள்

சேலம் அம்மாப்பேட்டையில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு இரண்டு பக்கமும் தறிக்கூடம். காலையில் மோட்டாரைப் போட்டால் ராத்திரி வரை சத்தம் ஓயாது. கம்ப்யூட்டருக்குள் ஃபேன் கரகரக்கிறதா என்று காதால் கேட்க வழியில்லை. மேலே கையை வைத்து அதிர்வைத்தான் பார்ப்பேன். நானும் பத்துப் பதினொரு வருஷம் தறி மெக்கானிக்காக இருந்தவன்தான், அந்தக் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை.

என்னிடம் வருவதெல்லாம் பழைய மெஷின். கோர் 2 டுவோ பிராசஸர், இரண்டாம் மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர் போட்டது, அரசு கொடுத்த லேப்டாப். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அதற்கப்புறம் வரத்து கூடிவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் கிராக் பண்ணின விண்டோஸைப் போட்டு, முந்நூறோ நானூறோ வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம். நானும் பல வருஷம் அதைச் செய்தேன். மூன்று மாதத்தில் அதே மெஷின் வைரஸோடு திரும்பி வரும். இப்போது லினக்ஸ் மின்ட்தான், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச சிஸ்டம். அதையும் நான் போட்டுத் தருவதில்லை, கொண்டுவந்தவர்களையே போட வைக்கிறேன். நான் போட்டுக் கொடுத்தால் ஒரு ஐகான் இடம் மாறினாலும் பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிடுகிறார்கள்.

போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தது. நாகலூர்ப் பக்கம் வீடு, அம்மாவுக்குக் காபித் தோட்டத்தில் வேலை. அண்ணன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. ஆன் ஆகி டெஸ்க்டாப் வருவதற்குள் நான் ஒரு டீ குடித்து முடித்துவிட்டேன்.

“நீயேதான் போடப்போற கண்ணு. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன், மவுஸைத் தொடமாட்டேன்” என்றேன்.

“எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்ணா. எல்லாம் அழிஞ்சிடுச்சுன்னா?”

எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். இன்ஸ்டால் செய்வது கஷ்டமே இல்லை, ஏழெட்டு ஸ்கிரீன்தான், அதில் பாதி ‘கன்டினியூ’. கையை நடுங்க வைப்பது இந்தப் பயம். பயத்தை வாயால் சொல்லிப் போக்க முடியாது. எதையும் அழிக்காமல் அரை நாள் லினக்ஸை ஓட்டிப் பார்க்க வைத்தால் தானாகப் போய்விடும். வீட்டில் யாருக்காவது போட்டுக் கொடுக்க நினைக்கிறவர்களும் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஃபைல்கள். போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன், புராஜெக்ட் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கிலோ பென்டிரைவிலோ எடுத்துவிடுங்கள். முக்கியமான எல்லாமே டி டிரைவில்தான் இருக்கிறது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும்தான் பாதி கிடக்கும். காப்பி முடிந்ததும் அந்தப் பென்டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, நாலு போட்டோவையாவது திறந்து பாருங்கள். பழைய தமிழ் ஃபான்டில் அடித்த ஃபைல் இருந்தால் அந்த ஃபான்டையும் சேர்த்து எடுங்கள். இல்லையென்றால் நாளைக்குத் திறக்கும்போது ஆங்கில எழுத்தும் புரியாத குறியுமாகத்தான் தெரியும்.

எடுத்து முடித்ததும் அந்த வெளி டிஸ்கைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிடுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் தறி முதலாளி ஒருவருடைய டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் போட்டேன். பேக்கப் எடுத்த டிஸ்க் பின்னாலேயே சொருகியிருந்தது. உள்ளே இருந்ததும் 500 ஜிபி, வெளியே இருந்ததும் 500 ஜிபி. இன்ஸ்டாலர் எந்த டிஸ்க் என்று கேட்டது, 500 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அழுத்தினேன். போனது பேக்கப். மகள் கல்யாணப் போட்டோ பூராவும் அதில். நல்ல காலம், உள் டிஸ்கை இன்னும் தொட்டிருக்கவில்லை, அதில் எல்லாம் அப்படியே இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு வேர்த்த வேர்வை சேலம் சித்திரை வெயிலில்கூட வேர்த்ததில்லை.

அடுத்து எந்த லினக்ஸ் என்பது. இதில் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. 64 பிட் பிராசஸரும் 2 ஜிபி ராமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் 22, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு. 2029 வரை அப்டேட் உண்டு, பார்க்கவும் விண்டோஸ் மாதிரி கீழே பட்டை, இடது மூலையில் மெனு. 2 ஜிபியில் ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் முக்கும். 4 ஜிபி ஆக்கிக்கொள்வது நல்லது. கோர் 2 டுவோ எல்லாம் 64 பிட்தான். இன்டெல் ஆட்டம் என்270 பிராசஸர் போட்ட பழைய குட்டி நெட்புக் என்றால் 32 பிட். அதற்கு மின்ட் 22 ஏறாது, ஆன்டிஎக்ஸ் 23 அல்லது எம்எக்ஸ் 23 என்ற லினக்ஸின் 32 பிட் பதிப்பைத் தேடுங்கள். டெபியன் என்ற பெரிய லினக்ஸின் 13-ஆம் பதிப்பிலேயே 32 பிட் இன்டெல்லுக்கு இன்ஸ்டாலரை எடுத்துவிட்டார்கள்.

முழு மின்ட்டும் ஐஎஸ்ஓ என்ற ஒரே ஃபைலாக இறங்கும், கிட்டத்தட்ட 3 ஜிபி. மலை மேலே சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடும் இடத்தில் இதை இறக்க உட்காராதீர்கள், பாதியில் அறுந்து போன ஃபைலால் வரும் தொல்லைக்குக் கணக்கே இல்லை. கீழே இறங்கும்போது இறக்கிக்கொள்ளுங்கள். அதை 8 ஜிபி பென்டிரைவில் எழுத, ஓடுகிற வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற சின்ன புரோகிராம் போதும். ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் ஒரு டிக் அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் எஸ்எச்ஏ256 என்று நீளமாக ஒன்று காட்டும். மின்ட் தளத்தில் அதே ஃபைலுக்குப் போட்டிருக்கும் எண்ணோடு முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் ஃபைல் முழுசாக இறங்கியிருக்கிறது. பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் பழைய மெஷினுக்கு எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றது எதையும் மாற்ற வேண்டாம். பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தது அழிந்துவிடும் என்று ரூஃபஸ் எச்சரிக்கும். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டது. பென்டிரைவில் அதனுடைய செமினார் பிபிடி இருந்தது. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது படித்ததால் தப்பியது.

பென்டிரைவிலிருந்து ஆன் செய்ய ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கீ. டெல், லெனோவாவில் எஃப்12. எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12தான், ஆனால் பயாஸ் என்ற மெஷினின் அடிப்படை செட்டிங்குக்குள் போய் அந்த மெனுவை ‘எனேபிள்’ செய்தால்தான் வேலை செய்யும். அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். பவர் பட்டனை அழுத்தியதும் அந்தக் கீயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே தடவை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் விண்டோஸ் வந்து நிற்கும். விண்டோஸ் 8, 10 இருக்கும் மெஷினில், அதற்கு முன்பு ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். சும்மா ஷட்டவுன் கொடுத்தால் அது முழுசாக அணைவதில்லை. டெஸ்க்டாப் என்றால் முன்பக்க யுஎஸ்பி துளையை விட்டுப் பின்பக்கத்தில் சொருகுங்கள். முன்பக்க ஒயர் பாதி மெஷினில் ஆடிப்போயிருக்கும். மின்ட் மெனு வந்து, பிறகு திரை கருப்பாகவே நின்றால், திரும்ப ஆன் செய்து ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது வருவது முழு லினக்ஸ், ஆனால் பென்டிரைவிலிருந்து ஓடுவது. ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. டெஸ்க்டாப்பில் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ என்று ஐகான் இருக்கும், அதைத் தொட வேண்டாம். இங்கேதான் அந்த அரை நாளைச் செலவழிக்கச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் ஒரு பேப்பரைக் கொடுத்து, என்னென்ன வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதச் சொன்னேன். சத்தம் வந்தது. கேமரா வந்தது, தன் முகத்தைப் பார்த்துத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டது. எழுதும் இடத்தைத் திறந்து எல்லாக் கீயையும் ஒவ்வொன்றாக அழுத்தியதில் ‘எச்’ மட்டும் இரண்டு இரண்டாக விழுந்தது. கீழே காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று. வைஃபை பட்டியலே வரவில்லை. முகம் வாடிவிட்டது. சில பழைய வைஃபை சிப்புக்கு டிரைவர், அதாவது அதை ஓட்டும் சின்ன புரோகிராம், தனியாக வேண்டும், அவ்வளவுதான். அதன் போனை சார்ஜர் ஒயரில் லேப்டாப்போடு இணைத்து, செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யச் சொன்னேன். போன் நெட் லேப்டாப்புக்கு வந்துவிட்டது. இன்ஸ்டால் முடிந்தபின் இதே நெட்டை வைத்து ‘டிரைவர் மேனேஜர்’ திறந்தால் வைஃபை டிரைவரை அதுவே எடுத்துக்கொள்ளும். வைஃபை வராததால் லினக்ஸே வேண்டாம் என்று விட்டவர்கள் எத்தனையோ பேர், கையில் போனை வைத்துக்கொண்டே.

நெட் வந்த பிறகும் ஒரு வம்பு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது இல்லை’ என்று ஃபயர்பாக்ஸ் தடுத்தது. வைரஸா என்று அந்தப் பெண் கேட்டது. வலது மூலைக் கடிகாரத்தைக் காட்டினேன்: தேதி எங்கோ பின்னால் நின்றது. உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை எடுத்தவுடன் தேதி பின்னால் போய்விடும். இணையதளங்களின் சான்றிதழுக்குத் தேதிக் கணக்கு உண்டு, பழைய தேதியில் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாம் தப்பாகத்தான் தெரியும். டெஸ்க்டாப்பில் அது வெறும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். லேப்டாப்பில் பெரும்பாலும் அதே பேட்டரி ஒயரோடு இருக்கும்.

யூடியூப் 480-இல் சுகமாக ஓடியது, 1080-இல் படம் படமாக நின்றது. பழைய பிராசஸர் அவ்வளவுதான், அதற்கு லினக்ஸைக் குறை சொல்ல முடியாது.

கடைசியாக ‘டிஸ்க்ஸ்’ என்ற புரோகிராம். மெனுவில் தேடினால் கிடைக்கும். ஹார்ட் டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, மேலே மூன்று புள்ளியில் ‘ஸ்மார்ட் டேட்டா’ என்பதைத் திறந்தால், ‘ரீஅலகேட்டட் செக்டர் கவுன்ட்’ என்று ஒரு வரி. டிஸ்கில் கெட்டுப்போன இடங்களுக்கு மாற்று இடம் கொடுத்த கணக்கு அது. பூஜ்யம் என்றால் நிம்மதி. இதில் நூற்றைத் தாண்டி நின்றது. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலில் ஒரு இழை இற்றுப் போனால் முடிச்சுப் போட்டு ஓட்டலாம். கை வைத்த இடமெல்லாம் அறுந்தால் பாவையே மாற்ற வேண்டியதுதான்.

அதனால் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்டுகிற வேகமான டிஸ்க். பணத்தை இரண்டு தவணையாகக் கொடுக்கச் சொன்னேன். வசதி உள்ளவர்களுக்கு, டிஸ்க் நன்றாக இருந்தாலும், நான் சொல்வது இதுதான்: பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். வேகம் கூடும் என்பது ஒரு பக்கம். அடியில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, ஹார்ட் டிஸ்கை உருவி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். “உன் போட்டோ, அண்ணன் போட்டோ, விண்டோஸ் எல்லாம் இதுக்குள்ள இருக்கு. பைக்குள்ள வச்சுக்க” என்றேன். அதற்குப் பிறகு அழிந்துவிடுமா என்று அது கேட்கவேயில்லை. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே டிஸ்கில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் வேலையை, முதல் தடவை போடுகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. ஓடாமல் போனால் பழைய டிஸ்கை மறுபடி மாட்டிக்கொண்டால் முடிந்தது.

மூடியைத் திறந்த கையோடு ராமையும் கழற்றினோம். தங்க நிறப் பல்வரிசை கருத்துப் பாசி படிந்த மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் ஏற்காட்டு வீடுகளில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும், சுவர் ஈரம் காயாது. அங்கிருந்து வரும் மெஷினில் இது சகஜம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டால் போதும். தண்ணீரோ பெட்ரோலோ வேண்டாம். ஃபேன் தூசியைப் பெயின்ட் பிரஷால் தள்ளலாம். இன்னொரு 2 ஜிபி ராம் பழசில் கிடந்தது, போட்டோம். 4 ஆயிற்று.

மறுபடி பென்டிரைவில் ஆன் செய்து, இந்தத் தடவை அந்த ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ ஐகான். பேட்டரி செத்த லேப்டாப் என்றால், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளா என்று பேப்பரைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

மொழி கேட்கும். பட்டியலில் தமிழும் இருக்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் நான் பார்த்தவரை மெனு பாதி தமிழ், பாதி ஆங்கிலமாக வருகிறது. அவசரத்துக்கு யாரிடமாவது போனில் கேட்டால் அவர்கள் ஆங்கிலப் பெயர்தான் சொல்வார்கள். முதலில் ஆங்கிலம், பழகியபின் மாற்றலாம். கீபோர்டு ‘இங்கிலீஷ் யுஎஸ்’. தவறிப்போய் யுகே தேர்ந்தெடுத்தால் அட் குறியும் மேற்கோள் குறியும் இடம் மாறிக்கொள்ளும். அட் குறி வைத்து பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் பிறகு திறக்கத் தெரியாமல் நிற்பீர்கள். வீடியோவும் பாட்டும் ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அடுத்ததுதான் ‘எரேஸ் டிஸ்க்’. பெயரே மிரட்டும். உள்ளே புது எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்கிறது, அழிக்க அதில் ஒன்றுமில்லை. பழைய டிஸ்கிலேயே போடுகிறவர்கள் மட்டும் இங்கே நின்று, பேக்கப்பைத் திறந்து பார்த்தோமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

நேரமண்டலத்தில் சென்னையைத் தேடாதீர்கள், கொல்கத்தா. பெயர், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸில் எதை இன்ஸ்டால் செய்தாலும் அதைக் கேட்கும், டைப் செய்யும்போது சில இடங்களில் புள்ளிகூடத் தெரியாது; கீபோர்டு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். எஸ்எஸ்டியில் இருபது நிமிஷத்துக்குள் முடிந்தது. அதற்குள் பக்கத்துக் கடையில் தட்டுவடை செட் வாங்கி வரச் சொன்னேன், அது போகவில்லை, ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் ஆகும்போது பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் அழுத்து என்று சொல்லும். அதன்படி செய்தது. இருபது எண்ணுவதற்கு முன்னால் டெஸ்க்டாப் வந்துவிட்டது.

மலைக்கு ஏறும் முன் கடை வைஃபையில் ‘அப்டேட் மேனேஜரை’ ஓட்டி முடித்தோம். முதல் தடவை நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும், போன் டேட்டாவில் செய்தால் அன்றைய கோட்டா போய்விடும். ‘டைம்ஷிஃப்ட்’ திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தோம். நாளைக்கு எதையாவது மாற்றி சிஸ்டம் கெட்டால் இன்றைய நிலைக்குத் திரும்ப அது உதவும். போட்டோவுக்கு அது பேக்கப் ஆகாது. வேர்ட், எக்ஸெல் வேலைக்கு லிப்ரேஆஃபீஸ் கூடவே வருகிறது. காலேஜில் கொடுக்க வேண்டிய ஃபைலை ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேர்ட் வடிவத்தில் சேமிக்கச் சொன்னேன். தமிழில் டைப் செய்ய தமிழ்99 கீபோர்டைச் சேர்த்தோம். 1999-இல் தமிழக அரசு ஏற்ற அமைப்பு, ஒரு வாரம் பழகினால் கை தானாகப் போகும்.

எல்லாருக்கும் லினக்ஸ் போடச் சொல்லமாட்டேன். டேலியில் கணக்குப் பார்க்கிறவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ கைரேகை மெஷினோ வைத்துப் பிழைக்கிறவர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு டிசைன் சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவர் என்று யார் வந்தாலும் விண்டோஸிலேயே இருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன். பழைய லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதையும் தூக்கிக்கொண்டு வந்து, பென்டிரைவில் ஓட்டும்போதே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பார்க்கட்டும்.

அந்தப் பெண் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். வைஃபையா, சத்தமா என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

“அண்ணா, எல்லாம் ஓடுதுங்ணா. அம்மாவுக்கு மனு ஒண்ணு டைப் பண்றேன். ‘தொழிலாளி’ன்னு அடிக்கணும், ழ மட்டும் எங்கயுமே காணோம்.”

“ரைட் சைடு ஷிஃப்ட் இருக்கு பாரு. அதுக்கு ஒட்டி இடப்பக்கம், கேள்விக்குறி போட்ட கீ.”

கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. “வந்துடுச்சுங்ணா” என்று வைத்துவிட்டது.